சாலையை மறித்தால் காலநிலைக்கு லாபமா, நட்டமா?

கேள்வி இதுதான்: நெடுஞ்சாலையில் கையைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு உட்காருவது, அருங்காட்சியக ஓவியத்தின் மேல் சூப்பை ஊற்றுவது போன்ற போராட்டங்கள் காலநிலை இயக்கத்துக்கு உதவுகின்றனவா, இல்லை, இருக்கிற ஆதரவையும் கெடுக்கின்றனவா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்களுக்கு எரிச்சல் வருகிறது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் போராடுகிறவர் மேல் வரும் அந்த எரிச்சல், அவர் கேட்கிற விஷயத்தின் மேல் நாம் நினைக்கிற அளவுக்குத் தொற்றுவதில்லை. ஒரு மறியல் பலித்ததா என்பது பெரும்பாலும் வேறு இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. மறிக்கப்பட்டது யாருடைய வழி? கிளம்பிய கவனத்தை எடுத்துக்கொண்டு போய் சட்டமாகவோ தீர்ப்பாகவோ மாற்ற ஆள் இருந்ததா? நட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. அது வந்த வழியைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இதை அலச பிரிட்டனைவிட நல்ல இடம் கிடையாது. 2018 முதல் 2025 வரை அங்கே எல்லா வகைப் போராட்டமும் நடந்துவிட்டது. வென்றது, தோற்றது, அசிங்கப்பட்டது, சிறைக்குப் போனது என எல்லாவற்றுக்கும் அங்கே உதாரணம் உண்டு.

2018 அக்டோபர் 31 அன்று லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியன் என்ற அமைப்பு தன்னை அறிவித்துக்கொண்டது. அடுத்த மாதமே தேம்ஸ் நதியின் ஐந்து பாலங்களை ஒரே நாளில் மறித்தார்கள். பெரிய ஆட்டம் 2019 ஏப்ரல் 15 அன்று தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் என்ற நெரிசலான கடைவீதிச் சந்திப்பின் நட்டநடுவே ஒரு இளஞ்சிவப்புப் படகை நிறுத்தி, ஹோண்டுராஸில் கொல்லப்பட்ட சூழலியல் போராளி பெர்தா காசெரெஸின் பெயரை அதற்கு வைத்தார்கள். வாட்டர்லூ பாலத்தின் மேல் செடிகளையும் மரக்கன்றுகளையும் கொண்டுவந்து வைத்துத் தோட்டமாக்கினார்கள். பத்து நாளுக்கு மேல் நீடித்த அந்த மறியலில் 1,100-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கைதாவதுதான் அவர்களுடைய உத்தியே. பாட்டிகள், மருத்துவர்கள், பாதிரியார்கள் என்று வரிசையாகப் போலீஸ் வேனில் ஏறினார்கள்.

மே 1 அன்று பிரிட்டன் நாடாளுமன்றம் 'காலநிலை அவசரநிலை' தீர்மானத்தை நிறைவேற்றியது. ஜூனில், 2050-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்கும் இலக்கு சட்டமானது. சுற்றுச்சூழல்தான் நாட்டின் முக்கியப் பிரச்சினை என்று கருத்துக்கணிப்பில் சொன்னவர்களின் விகிதம் அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. மறியல் ஆதரவாளர்கள் இன்றும் காட்டும் முதல் சான்று இதுதான்.

ஆனால் கொஞ்சம் நிதானம் வேண்டும். பூஜ்ய இலக்கு சாத்தியமா என்று ஆராயும்படி அரசு தன்னுடைய காலநிலை ஆலோசனைக் குழுவைக் கேட்டது 2018 அக்டோபர் நடுவில். அப்போது எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியன் தன்னை அறிவித்துக்கொள்ளவே இல்லை. குழுவின் அறிக்கை 2019 மே மாதம் வருவதாக ஏற்கெனவே இருந்தது. கிரேட்டா துன்பெரியின் பள்ளி வேலைநிறுத்தம், 1.5 டிகிரி பற்றிய ஐ.நா. விஞ்ஞானிகள் குழுவின் அறிக்கை, டேவிட் அட்டன்பரோவின் பிபிசி நிகழ்ச்சி எல்லாம் அதையொட்டிய சில மாதங்களில்தான் வந்தன. எனவே 'படகை நிறுத்தினார்கள், சட்டம் வந்தது' என்று சொன்னால் அது அரை உண்மை. முதலிலேயே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் மறியல் வந்தது, அமைச்சர்கள் பின்வாங்க முடியாதபடி சத்தத்தைக் கூட்டியது என்றால் நான் ஒப்புக்கொள்வேன். அந்த அமைப்பின் மூன்று கோரிக்கைகளில் ஒன்று குடிமக்கள் பேரவை. அது பாதி நிறைவேறியது: நாடாளுமன்றக் குழுக்கள் சேர்ந்து 108 சாதாரண மக்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து 2020-ல் பேரவை நடத்தின. ஆனால் அதன் முடிவுகள் வெறும் பரிந்துரைகள்தான். 2025-க்குள் உமிழ்வைப் பூஜ்யமாக்கு என்ற இன்னொரு கோரிக்கையை யாரும் ஒரு நிமிடம்கூட யோசித்துப் பார்க்கவில்லை.

2019 அக்டோபர் 17 காலை. கிழக்கு லண்டன் கேனிங் டவுன் நிலையத்தில் வேலைக்குப் போகும் கூட்டம். இரண்டு பேர் மெட்ரோ ரயிலின் கூரையில் ஏறிப் பதாகை பிடித்தார்கள். பயணிகள் கத்தினார்கள், கையில் இருந்ததை எறிந்தார்கள், கடைசியில் காலைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டு அடிக்கவும் செய்தார்கள். அந்தக் காணொளியைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. மின்சாரத்தில் ஓடும் பொதுப் போக்குவரத்தைக் காலநிலையின் பேரில் நிறுத்துகிறார்கள்! அதுவும் ஒரு நாள் தாமதமானால் கூலி போய்விடும் மக்கள் வாழும் பகுதியில். அமைப்புக்குள்ளேயே பெரும்பாலானோர் இதை முன்கூட்டியே எதிர்த்தார்கள், ஆனாலும் நடந்தது. தலைமை இல்லாத அமைப்பு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டால், 'வேண்டாம்' என்று தடுக்கவும் ஆள் இருக்காது.

ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையில் மக்கள் மாறவில்லை, கோரிக்கையும் மாறவில்லை. மறிக்கப்பட்டவர் மாறினார்.

இந்த இடத்தில் நம் ஊர் மறியலை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை என்றால் பெண்கள் காலிக்குடத்தோடு மெயின் ரோட்டில் உட்காருகிறார்கள். பஸ் நிற்கும், பயணிகள் முணுமுணுப்பார்கள். ஆனால் யாரும் அந்தப் பெண்களைக் குடிநீருக்கு எதிரிகள் என்று சொல்லமாட்டார்கள். அரை மணியில் இன்ஸ்பெக்டர் வருவார், ஒரு மணியில் தாசில்தாரோ பி.டி.ஓ.வோ வருவார், 'நாளைக்குள் லாரி வரும்' என்பார், கூட்டம் கலையும். அங்கே கேட்பது என்ன என்பது குடத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தரக்கூடிய அதிகாரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். காலநிலைப் போராட்டத்துக்கு இந்த இரண்டுமே வாய்ப்பதில்லை. வளிமண்டலத்தில் கரியமில வாயு அளவைக் குறைக்க எந்தத் தாசில்தார் வருவார்? ஆகவே கோரிக்கையைச் சின்னதாக, ஒருவர் கையெழுத்துப் போட்டால் முடிகிற அளவுக்கு வெட்டி எடுத்தால்தான் மறியலுக்கு முனை கிடைக்கும்.

அப்படி வெட்டி எடுத்தவர்கள்தான் இன்சுலேட் பிரிட்டன். 2021 செப்டம்பர் 13 முதல் லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். கேட்டது ஒன்றே ஒன்று: வீடுகளின் சுவருக்கும் கூரைக்கும் வெப்பக்காப்பு போட்டுக்கொடு. பிரிட்டன் வீடுகள் பழையவை, குளிர் காலத்தில் எரிவாயுவை எரித்துத்தான் சூடாக்குகிறார்கள், வெப்பக்காப்பு இல்லாத வீட்டில் கால்வாசிச் சூடு கூரை வழியே போகிறது. அரசின் வெப்பக்காப்புத் திட்டங்கள் 2013-க்குப் பிறகு படுத்துவிட்டன. நியாயமான, சலிப்பூட்டும் அளவுக்கு நடைமுறையான கோரிக்கை. ஆனால் மறித்ததோ, பள்ளிக்குப் பிள்ளையை விடப் போகிறவரையும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரையும். கருத்துக்கணிப்பில் பத்தில் ஏழு பேர் எதிர்த்தார்கள். நீதிமன்றத் தடையாணையை மீறியதற்காக ஒன்பது பேர் நவம்பரில் சிறைக்குப் போனார்கள்.

இதோடு கதை முடிந்தது, தோல்வி என்று எழுதிவிடலாம். ஆனால் பிரிஸ்டல் பல்கலைக்கழக உளவியலாளர் கொலின் டேவிஸ் ஒரு வேலை செய்தார். அந்த அமைப்பின் பெயரை விட்டுவிட்டு, வெப்பக்காப்பு என்ற பொருளே பத்திரிகைகளில் எத்தனை முறை வந்தது என்று எண்ணினார். மறியல் தொடங்கிய பிறகு அது இரட்டிப்பானது. திட்டிக்கொண்டேதான் எழுதினார்கள், ஆனால் எழுதினார்கள். அடுத்த பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்து எரிவாயு விலை எகிறியபோது, 'அந்த ரோட்டில் உட்கார்ந்த கிறுக்கர்கள் சொன்னது சரிதானோ' என்ற பேச்சு எட்டிப்பார்த்தது. போராளிகளைப் பிடிக்காமல் போவதும் கோரிக்கையைப் பிடிக்காமல் போவதும் தனித்தனி விஷயங்கள் என்பது டேவிஸின் சோதனைகளிலும் திரும்பத் திரும்பத் தெரிந்தது. போராளியைக் கேலியாகச் சித்திரிக்கும் செய்தியைப் படித்தவர்களுக்கு அவர் மேல் மதிப்பு குறைந்தது, கோரிக்கைக்கான ஆதரவு அப்படியே நின்றது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தத் துறையில் இரண்டு வகை ஆய்வுகள் உண்டு. ஒன்று, 'இப்படிச் செய்தால் உங்கள் ஆதரவு கூடுமா, குறையுமா?' என்று ஆளைப் பார்த்துக் கேட்பது. 2022-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அமெரிக்கர்களிடம் அப்படிக் கேட்டபோது 46 சதவீதத்தினர் குறையும் என்றார்கள், 13 சதவீதத்தினர் கூடும் என்றார்கள். பத்திரிகைகள் எடுத்துப் போடுவது இதைத்தான். ஆனால் எரிச்சலில் இருக்கும் ஒருவர் 'எனக்கு ஆதரவு குறைந்துவிட்டது' என்று சொல்வது, அவர் அந்த எரிச்சலை வெளிப்படுத்தும் ஒரு வழி, அவ்வளவே. இரண்டாவது வகை, போராட்டத்துக்கு முன்னும் பின்னும் அதே ஆட்களிடம் போய் அளந்து பார்ப்பது. அது கடினம், செலவு, அதனால் அரிது.

அப்படி ஒன்று நடந்தது. 2022 நவம்பரில் புதிய எண்ணெய், எரிவாயு உரிமம் தராதே என்று கேட்ட ஜஸ்ட் ஸ்டாப் ஆயில் அமைப்பினர் எம்25-க்கு மேலே உள்ள இரும்புச் சட்டங்களில் நான்கு நாட்கள் தொடர்ந்து ஏறி நின்றார்கள். அதற்கு முன்பும் பின்பும் சுமார் 1,400 பேரிடம் கருத்துக் கேட்டுவைத்திருந்தது மார்கஸ் ஓஸ்தாரெக் முதலானோரின் குழு. முடிவு 2024-ல் வெளிவந்தது. ஃபிரண்ட்ஸ் ஆஃப் தி எர்த் என்பது மனு, வழக்கு, பிரச்சாரம் என்று ஐம்பதாண்டுகளாக ஓடும் மிதமான அமைப்பு. அதை ஆதரிப்பதாகச் சொன்னவர்கள் 50.3-லிருந்து 52.9 சதவீதமானார்கள். ஜஸ்ட் ஸ்டாப் ஆயிலைப் பற்றி யார் அதிகம் கேள்விப்பட்டார்களோ அவர்களிடம்தான் இந்த ஏற்றம். இரண்டரைப் புள்ளி என்பது சிறியதுதான், அதை வைத்துத் தேர்தல் ஜெயிக்க முடியாது. ஆனால் எல்லோரும் எதிர்பார்த்தது இறக்கத்தை.

இதற்கு முன்பே அமெரிக்க அறுபதுகளின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிய சமூகவியலாளர் ஹெர்பர்ட் ஹெயின்ஸ், கறுப்பின மக்களில் தீவிரக் குழுக்கள் எழுந்த ஆண்டுகளில் மிதவாத அமைப்புகளுக்கு வந்த நன்கொடை கூடியதைக் காட்டியிருந்தார். கடுமையாகப் பேசுபவர் பக்கத்தில் நின்றால் மென்மையாகப் பேசுபவர் விவேகியாகத் தெரிகிறார். இன்னொரு வேடிக்கை: அதீதச் செயல்கள் மக்களின் ஆதரவைக் குறைக்கின்றன என்று 2020-ல் பரிசோதனைகள் மூலம் நிறுவிய ஆய்வாளர்களில் இருவர், ஃபைன்பெர்க்கும் வில்லரும், 2022-ல் சிம்ப்சனோடு சேர்ந்து இந்தப் பக்க விளைவையும் நிறுவினார்கள். இரண்டும் முரண் அல்ல. அதீதச் செயல் அதைச் செய்த குழுவின் பெயரைக் கெடுக்கிறது, பக்கத்தில் இருக்கும் மிதமான குழுவின் பெயரை உயர்த்துகிறது. மிதமான குழு ஒன்று இருந்தால்தான் இது நடக்கும். அதைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள்.

மார்ட்டின் லூதர் கிங் காலத்து அமெரிக்கப் போராட்டத்தை இழுக்காமல் இந்த விவாதம் எங்கும் முடிவதில்லை, ஆகவே நானும் இழுத்துவிடுகிறேன். 1961-ல் நிறப்பாகுபாட்டை எதிர்த்து வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாகப் பேருந்தில் தென்மாநிலங்களுக்குப் போன சுதந்திரப் பயணிகளைப் பற்றி காலப் கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது 61 சதவீதத்தினர் எதிர்த்தார்கள். இத்தகைய செயல்கள் கறுப்பினத்தவரின் நோக்கத்தையே கெடுக்கும் என்று பாதிக்கு மேற்பட்டோர் சொன்னார்கள். அதே ஆண்டு நவம்பர் 1 முதல் மாநிலங்களுக்கு இடையே ஓடும் பேருந்துகளிலும் நிலையங்களிலும் பாகுபாடு சட்டப்படி ஒழிந்தது. ஆகவே கருத்துக்கணிப்பு வெறுப்பைக் காட்டினால் தோல்வி என்று முடிவுகட்டக் கூடாது.

சரி, ஆனால் இந்த உதாரணத்தைச் சூப் ஊற்றியவர்களுக்கு அப்படியே தூக்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சுதந்திரப் பயணிகள் செய்த செயலே அவர்களுடைய கோரிக்கை. உட்காரக் கூடாது என்ற இருக்கையில் உட்கார்ந்தார்கள், வேறு விளக்கம் தேவைப்படவில்லை. 2022 அக்டோபர் 14 அன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தின் மேல் ஜஸ்ட் ஸ்டாப் ஆயில்காரர்கள் ஊற்றிய தக்காளி சூப் விழுந்தபோது, உலகம் முழுக்கப் பார்த்தவர்கள் கேட்ட முதல் கேள்வி: எண்ணெய்க்கும் இந்தப் பூவுக்கும் என்ன சம்பந்தம்? ஓவியம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது, சேதம் இல்லை, சட்டகத்துக்கு மட்டும் சேதம். பாதிப் பேருக்கு அந்தக் கண்ணாடி விஷயம் போய்ச் சேரவே இல்லை. அதே கூடத்தில் 1914-ல் பெண் வாக்குரிமைப் போராளி மேரி ரிச்சர்ட்சன் வெலாஸ்கெஸின் வீனஸ் ஓவியத்தைக் கத்தியால் கீறியிருக்கிறார், அதை நினைவூட்டவே 2023 நவம்பரில் அதே ஓவியத்தின் கண்ணாடியை ஜஸ்ட் ஸ்டாப் ஆயில் உடைத்தது. வரலாற்று மாணவர்கள் ரசிக்கலாம். மற்றவர்களுக்கு அது இன்னொரு உடைந்த கண்ணாடி.

இதற்கு அவர்கள் தரப்பில் ஒரு வலுவான பதில் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2022 முடிவில் எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியன் 'மறியலை நிறுத்திவிட்டோம்' என்று அறிவித்து, 2023 ஏப்ரலில் நாடாளுமன்றத்தைச் சுற்றி நான்கு நாள் அமைதிக் கூட்டம் நடத்தியது. யாரையும் மறிக்கவில்லை. லண்டன் மாரத்தான் அதே வார இறுதியில் வந்ததால், ஓட்டக்காரர்களுக்கு இடைஞ்சல் வராமல் பேசிவைத்துக்கொண்டார்கள். அமைப்பின் கணக்குப்படி அறுபதாயிரம் பேர் வந்தார்கள். உங்களில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? சூப்பைக் கேள்விப்படாதவர் யார்? அறுபதாயிரம் பேர் ஒழுங்காக வந்தால் உள்பக்கச் செய்தி, இரண்டு பேர் ஒரு டின்னைத் திறந்தால் உலகச் செய்தி என்றால், டின்னைத் திறக்கச் சொல்லிக்கொடுப்பது செய்தித் துறைதான்.

இந்தச் சிக்கலை இதுவரை மிகச் சாமர்த்தியமாகக் கடந்தவர்கள் என்று நான் நினைப்பது நெதர்லாந்துக்காரர்களை. ஹேக் நகரில் ஏ12 நெடுஞ்சாலையின் கடைசித் துண்டு தற்காலிக நாடாளுமன்றத்துக்கும் பொருளாதார, காலநிலை அமைச்சகத்துக்கும் பக்கத்திலேயே ஓடுகிறது. கோரிக்கை: புதைபடிவ எரிபொருளுக்குத் தரும் அரசுச் சலுகையை நிறுத்து. பெரிய ஆலைகளுக்கு மின்சார, எரிவாயு வரியில் தள்ளுபடி, விமான எரிபொருளுக்கும் கப்பல் எரிபொருளுக்கும் வரிவிலக்கு என்று பட்டியல் நீளம். 2023 செப்டம்பர் 9 அன்று பல்லாயிரம் பேர் சாலையில் இறங்கினார்கள். அன்று மட்டும் சுமார் 2,400 பேரைப் போலீஸ் பிடித்தது. தண்ணீர் பீய்ச்சினார்கள், பேருந்தில் ஏற்றி நகரின் இன்னொரு மூலையில் இறக்கிவிட்டார்கள். மறுநாள் அவர்களே திரும்பி வந்தார்கள். இப்படி நாள் தவறாமல் ஒரு மாதம்.

அந்த மாதத்தில்தான் நாடு முழுக்க ஒரு எண்ணைப் பற்றிப் பேசியது. தன்னார்வ அமைப்புகள் இந்தச் சலுகை ஆண்டுக்கு 37.5 பில்லியன் யூரோ என்று கணக்குக் காட்டின. அரசு தன் பட்ஜெட் ஆவணத்தில் சொன்ன தொகை அதைவிட அதிகம்: 39.7 முதல் 46.4 பில்லியன் வரை. அக்டோபர் 10 அன்று, சலுகைகளை எப்படிப் படிப்படியாக ஒழிக்கலாம் என்று திட்டங்கள் தயாரிக்கும்படி அரசைக் கேட்கும் தீர்மானம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மறியல் நின்றது. இது முழு வெற்றியா? கிடையாது. அடுத்த மாதத் தேர்தலில் வில்டர்ஸின் வலதுசாரிக் கட்சி 37 இடங்களோடு முதலிடம் பிடித்தது, சலுகைகள் பெரும்பாலும் இன்னும் இருக்கின்றன. ஆனாலும் அதுவரை வரித்துறை அதிகாரிகளுக்கு மட்டும் தெரிந்திருந்த ஒரு விஷயத்தை நாடாளுமன்றத் தீர்மானம் வரை தூக்கிவந்தது அந்த மறியல்தான். சாலையைப் பார்த்ததும் எதற்காக என்று புரிந்தது. கேட்டதைத் தரக்கூடியவர் ஜன்னலைத் திறந்தால் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

ஜெர்மனியில் நேர் எதிர். 'கடைசித் தலைமுறை' என்ற அமைப்பு 2022 ஜனவரி முதல் பெர்லின் சாலைகளில் கையை ஒட்டிக்கொண்டது. பிறகு கேட்டவையும் எளிமையானவைதான்: நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேக வரம்பு, மாதம் 9 யூரோ பயணச்சீட்டு. ஆனால் ஒட்டிக்கொண்டது வேலைக்குப் போகிறவரின் காருக்கு முன்னால். 2022 அக்டோபர் 31 அன்று பெர்லினில் சைக்கிளில் போன ஒரு பெண் கான்கிரீட் லாரியில் சிக்கினார், பிறகு இறந்தார். மீட்பு வண்டி ஒன்று மறியலால் ஏற்பட்ட நெரிசலில் மாட்டியது. அந்த வண்டி சீக்கிரம் வந்திருந்தாலும் சிகிச்சை மாறியிருக்காது என்று சம்பவ இடத்தில் இருந்த மருத்துவர் சொன்னதாகப் பின்னால் செய்தி வந்தது. யார் படித்தார்கள்? முதல் நாள் தலைப்புச் செய்தி மட்டும் நின்றது. காலநிலை இயக்கத்தைப் பொதுவாக ஆதரிப்பதாகச் சொன்ன ஜெர்மானியர்கள் 2021-ல் 68 சதவீதம், 2023-ல் 34 சதவீதம். மறியல் கெடுக்கவே கெடுக்காது என்பவர்கள் இந்த எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். என்னுடைய பதில் பாதிப் பதில்தான்: அதே காலத்தில் வீட்டுச் சூடாக்கி மாற்றும் சட்டத்தைப் பற்றிப் பெரும் சண்டை நடந்தது, எரிபொருள் விலை உச்சத்தில் இருந்தது, எல்லாவற்றையும் பசையின் மேல் போட முடியாது. ஆனால் பசைக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர்களே 2024 ஜனவரியில் ஒட்டிக்கொள்வதைக் கைவிட்டார்கள்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன நட்டத்துக்கு வருகிறேன். பிரிட்டன் மக்களின் எரிச்சல் காலநிலை எண்ணத்தை மாற்றவில்லை, ஆனால் அரசுக்கு ஒரு வாய்ப்பைத் தந்தது. 2022-ல் வந்த காவல் சட்டம் பொதுத் தொல்லை என்ற குற்றத்துக்குப் பத்தாண்டு வரை சிறை வைத்தது. 2023 மே 2 அன்று, மன்னர் சார்லஸின் முடிசூட்டுக்கு நான்கு நாள் முன்னால், இன்னொரு சட்டத்துக்கு மன்னரின் ஒப்புதல் கிடைத்தது: பெரிய இடையூறு வரும்படி உடலை எதோடாவது பூட்டிக்கொள்வதே குற்றம், முக்கிய உள்கட்டமைப்பில் தலையிட்டால் சிறை. போலீஸ் ஒரு போராட்டத்தைக் கட்டுப்படுத்தத் தேவையான 'கடுமையான இடையூறு' என்றால் 'சிறியதைவிட அதிகமானது' என்று அமைச்சர் ஒரு விதியால் அர்த்தத்தையே இறக்கினார். அந்த விதி சட்டவிரோதம் என்று உயர்நீதிமன்றம் 2024-ல் சொன்னது.

2024 ஜூலையில் எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியன் நிறுவனர்களில் ஒருவரான ரோஜர் ஹாலமுக்கு ஐந்தாண்டு, மற்ற நால்வருக்கு நான்காண்டு சிறை. அவர்கள் சாலைக்கு மேலே உள்ள எந்த இரும்புச் சட்டத்திலும் ஏறவில்லை, எம்25 போராட்டத்தை ஒரு ஜூம் அழைப்பில் திட்டமிட்டார்கள். மேல்முறையீட்டில் ஹாலமுக்கு ஓராண்டு குறைந்தது. சூப் ஊற்றிய இருவருக்கு இரண்டாண்டும், இருபது மாதமும். இந்தச் சட்டங்கள் காலநிலைப் போராளிகளுக்கு மட்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நாளை சம்பளத்துக்காகவோ போருக்கு எதிராகவோ யார் சாலையில் உட்கார்ந்தாலும் இதே பிரிவுகள் பாயும். கேனிங் டவுனும் எம்25-ம் இல்லாவிட்டாலும் அப்போதைய அரசு இப்படிச் சட்டம் போட்டிருக்குமா? ஓரளவு போட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் இவ்வளவு சுலபமாக, இவ்வளவு குறைந்த எதிர்ப்போடு முடிந்திருக்காது.

2025 மார்ச்சில் ஜஸ்ட் ஸ்டாப் ஆயில், எங்கள் கோரிக்கை நிறைவேறிவிட்டது, தெருவை விட்டுப் போகிறோம் என்று அறிவித்தது. புதிய எண்ணெய், எரிவாயு உரிமம் தரமாட்டோம் என்பது 2024-ல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சியின் வாக்குறுதி. கட்சித் தலைவர் ஸ்டார்மர் அதை அறிவித்தது 2023-ல். அதற்கு முன்பும் பின்பும் ஜஸ்ட் ஸ்டாப் ஆயில்காரர்களைக் கடுமையாகத் திட்டிக்கொண்டே இருந்தார். ஆட்களைத் திட்டிவிட்டுக் கோரிக்கையை எடுத்துக்கொள்வது அரசியலில் புதிதல்ல, டேவிஸின் சோதனையில் தெரிந்ததும் அதுதான். ஆகவே அவர்கள் வெற்றியில் ஒரு பங்கு கேட்டால் கொடுக்கலாம். முழுதாகக் கேட்டால் நான் கொடுக்கமாட்டேன், ஏனென்றால் 2024 ஜூனில் நடந்தது நினைவிருக்கிறது.

ஜூன் 19 அன்று ஜஸ்ட் ஸ்டாப் ஆயிலைச் சேர்ந்த இருவர் ஸ்டோன்ஹெஞ்ச் கற்களின் மேல் ஆரஞ்சு நிறச் சோளமாவுப் பொடியைத் தெளித்தார்கள். பொடி கழுவினால் போய்விடும், போய்விட்டது, ஆனால் உலகம் முழுக்க அந்தப் படம்தான். அடுத்த நாள், ஜூன் 20, பிரிட்டனின் உச்சநீதிமன்றம் சர்ரே மாவட்டத்தின் ஹார்ஸ் ஹில் எண்ணெய்க் கிணறு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. எண்ணெய் எடுக்க அனுமதி தரும்போது, அதைத் தோண்டும் இடத்தில் வரும் புகையை மட்டும் கணக்கிட்டால் போதாது, பிறகு எங்கோ யாரோ அதை எரிக்கும்போது வரும் உமிழ்வையும் மதிப்பிட வேண்டும் என்றது. உள்ளூர்க்காரர் ஒருவர் பல ஆண்டுகளாக, கீழே தோற்றுத் தோற்று மேலே கொண்டுபோன வழக்கு அது. அதில் இடையீட்டாளராக வாதாடிய அமைப்புகளில் ஒன்று ஃபிரண்ட்ஸ் ஆஃப் தி எர்த்.

2025 ஜனவரியில் ஸ்காட்லாந்து நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை எடுத்து வைத்துக்கொண்டு வடகடலின் ரோஸ்பேங்க் எண்ணெய் வயலுக்கும் ஜாக்டா எரிவாயு வயலுக்கும் கொடுத்திருந்த அனுமதிகள் செல்லாது என்றது. வேலையைத் தொடரலாம், ஆனால் எண்ணெயும் வாயுவும் எடுக்கக் கூடாது. எடுக்க வேண்டுமானால், எரிப்பதால் வரும் உமிழ்வையும் கணக்குக் காட்டி நிறுவனங்கள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்றது.